மினிஸ்ட்ரோவின் வயிறு

நிபால்தோவைக் கட்டிக்கொண்டு பதினேழு வருடம் ஆகிறது. ஏழு நாள் அவன் வடக்கே காலாமா ஊருக்கு மேலே செம்புச் சுரங்கத்தில், மாடி வீட்டு உயரத்தில் ஒரு லாரியை ஓட்டுவான். அடுத்த ஏழு நாள் இறங்கி வந்து எங்கள் ஊரான ஓவாயேவில் என்னோடு இருப்பான். மேலே இருக்கிற நாட்களில் சாயங்காலம் தவறாமல் போன் வரும். அந்தப் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

“கருப்பி, சாப்ட்டியா?”

“சாப்ட்டேன். நீ?”

“ஆச்சு.”

“குளிரா?”

“குளிருதான்.”

“சரி, வை.”

கெட்டவன் இல்லை. வாய்தான் கிடையாது. நானோ ஷேர் டாக்சி ஓட்டுகிறவள். நாள் முழுக்க நாலு நாலு பேராக ஏற்றி இறக்கி, அவர்கள் வீட்டு வம்பு வழக்கையெல்லாம் கேட்டு, கேட்காத யோசனையும் சொல்லி அனுப்புகிறவள். வீட்டுக்கு வந்து அந்த ஆறு வரிப் பேச்சை முடித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைக்கும்போது, நான் யாரோடுதான் குடும்பம் நடத்துகிறேன் என்று சில நாள் தோன்றும்.

அதை மாற்றியவை இரண்டு சின்சில்லாக்கள்.

எதிர்வீட்டு மார்ஜொரி தெற்கே வேலை மாற்றலாகிப் போனபோது கூண்டோடு எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். அணிலுக்குப் பெரியது, முயலுக்குச் சின்னது, சாம்பல் நிறம், கை வைத்தால் கை வைத்ததே தெரியாத அளவுக்கு மெத்தென்ற ரோமம். அண்ணன் தம்பி. ஒன்று வந்த முதல் நாளே பின்னங்கால்களில் உட்கார்ந்து வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு எங்களைப் பார்த்தது. “மினிஸ்ட்ரோ” என்றான் நிபால்தோ. அமைச்சர். அப்படியே பெயராகிவிட்டது. இன்னொன்று எதற்கெடுத்தாலும் மரப்பெட்டிக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. அமைச்சருக்குப் பக்கத்தில் ஒரு காரியதரிசி இருக்கட்டும் என்று அதை செக்ரெத்தாரியோ என்று நான்தான் கூப்பிட்டேன்.

பிராணிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காதவன் நிபால்தோ. இவற்றிடம் எப்படி விழுந்தான் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. லா செரேனாவில் இருக்கும் பிராணி வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தான். காய்ந்த புல் எந்நேரமும் இருக்க வேண்டும், புல்தான் சாப்பாடு. சாயங்காலம் ஆளுக்கு ஒரு கரண்டி தீவனம். தண்ணீரைத் தினம் மாற்ற வேண்டும். வேறு எதுவும் கூடாது. வாரம் ஒரு முறை எடை. தினமும் காலையில் தட்டைப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

கூண்டுக்கு அடியில் இருக்கிற தட்டைப் பார்ப்பது என்றால் புழுக்கையைப் பார்ப்பது. சின்சில்லாவுக்கு வயிறு நின்றால் உயிரும் நின்றுவிடுமாம். அதுவோ வலி என்று கத்தாது. நோயை வெளியே காட்டிக்கொள்ளாது. புழுக்கைதான் சொல்லும். பருத்த அரிசி மாதிரி, ஒரே அளவில், நிறைய இருந்தால் நலம். சின்னதாக, சுருங்கி, எண்ணிக்கையில் குறைந்தால் ஆபத்து. நிபால்தோ பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை வைத்து நூறு நூறாக ஒதுக்கி எண்ணுவான். மேலே போகும்போது அந்த வேலை எனக்கு.

அப்புறம் சாயங்காலப் போன் இப்படி ஆயிற்று.

“எவ்ளோ?”

“நானூத்திப் பதிமூணு. இல்ல, பதினாலு. ஒண்ணு உருண்டு ஓடிப்போச்சு.”

“எப்படி இருந்துச்சு?”

“கொழுகொழுன்னு.”

“ஈரமா?”

“ஈரமும் இல்ல, காயவும் இல்ல. உனக்கு வேணும்னா ஒரு டப்பாவுல போட்டு அனுப்பவா?”

அவன் சிரிப்பான். போனில் அவன் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். சிரித்ததும் அடைப்பு எடுத்த குழாய் மாதிரி மற்றதெல்லாம் வரும். முகாம் சமையற்கட்டுக்கு வந்து போகிற நரி, அவனுடைய மேஸ்திரி விடுகிற குறட்டை, சின்ன வயதில் அவன் அப்பா கழுதை வாங்கி ஏமாந்த கதை. புழுக்கையில் ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசுவோம். நாற்பத்தோராவது வயதில் எனக்கு என் புருஷனோடு பேச்சுப் பழக்கம் ஏற்பட்டது இப்படித்தான். வெளியில் யாரிடமும் நான் இதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

போன ஜூலையில் என் அம்மா உபர்லிந்தா தன் மலையூரான கொம்பர்பலாவிலிருந்து வந்தாள். முழங்காலுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் பத்து நாள் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அம்மா ஆடு வளர்க்கிறவள். அவள் கண்முன்னால் எந்த உயிரும் வாயசைக்காமல் இருக்கக் கூடாது. வீட்டுக்கு மீட்டர் பார்க்க வருகிறவனைக்கூட ரொட்டி தின்னவைக்காமல் அனுப்ப மாட்டாள்.

நிபால்தோ மேலே கிளம்பும் நாள் காலையில் அம்மாவைக் கூண்டருகே கூட்டிப்போய்ச் சொன்னான்.

“அத்தை, எல்லாத்தையும் யாஸ்னா பாத்துக்குவா. நீங்க இதுங்களுக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாம்.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே.”

“சரி மாப்ள.”

அந்தச் ‘சரி’யை நான் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறேன். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

அவன் போனதும் அம்மா கூண்டுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ஏண்டி, நல்ல சம்பளம் வாங்குற மனுஷன். இதுங்களுக்குக் காஞ்ச புல்லப் போட்டுப் பட்டினி போடுறானே. அதுலயும் காலங்காத்தால உக்காந்து புழுக்கை எண்ணுறானாமே? எங்கூர்ல ஐந்நூறு ஆடு வச்சிருக்கறவன்கூட எண்ணுனதில்ல.”

“அம்மா, அதுங்களுக்கு அதான் சாப்பாடு.”

“நான் என்னத்தச் சொல்லப்போறேன். உங்க வீடு, உங்க எலி.”

புதன்கிழமை காலையில் நான் எழுந்து வந்தபோது தட்டு பளபளவென்று இருந்தது. அம்மா ஐந்து மணிக்கே எழுந்து கூட்டித் துடைத்து, வெயில் வரும் என்று நம்பி ஜன்னலோரம் சாய்த்தும் வைத்திருந்தாள்.

“புழுக்கை எங்கம்மா?”

“குப்பையில. வேறெங்க வைப்பாங்க? அலமாரியிலயா?”

“கூட்டாதன்னு சொல்லலையா நானு?”

“ஒண்ணும் குடுக்காதன்னுதான் சொன்னீங்க. கூட்டாதன்னு யாரும் சொல்லல.”

அன்றைக்கு வருடத்துக்கு நாலு நாள் பெய்கிற மழையில் ஒரு நாள். மழை வந்தால் எங்கள் பக்கத்தில் பூசணி அப்பம் சுடாத வீடு கிடையாது. அம்மா சுட்டு, வெல்லப்பாகில் ஊறப்போட்டாள். வீடெல்லாம் ஆரஞ்சுத் தோலும் பட்டையும் மணத்தது. நான் வண்டியோடு நனைந்து வந்து நாலு அப்பம் தின்றேன். அப்போது போன் அடித்தது.

“எவ்ளோ?” என்றான்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் கவலைப்படுவான். கவலைப்பட்டால் வாய் மூடிக்கொள்ளும். பழையபடி ‘சாப்ட்டியா’ என்று வந்து நிற்போம். அம்மாவையும் காட்டிக்கொடுக்க மனமில்லை.

“நானூறு” என்றேன்.

கொஞ்சம் பொறுத்து, “சரி” என்றான். பிறகு நரியைப் பற்றிச் சொன்னான்.

மறுநாளும் அம்மா எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள். “மறந்துட்டேன்டி, கை தானா போயிடுது” என்றாள். அன்றைக்கும் நானூறு என்றேன். வெள்ளிக்கிழமை தட்டை என் அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் முதல் சவாரிக்கு நேரமாகிவிட்டது. மூன்றாவது நானூறு.

அன்று சாயங்காலம் போனை வைத்துவிட்டுத் தீவனக் கரண்டியோடு கூண்டைத் திறந்தேன். செக்ரெத்தாரியோ பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்து, தன் பங்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியது. எப்போதும் கரண்டியின் மேலேயே ஏறிவிடுகிற மினிஸ்ட்ரோ மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காது இரண்டும் பின்னால் சரிந்திருந்தன. மூக்குக்கு நேராகத் தீவனத்தை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து அம்மாவுக்கு முன்னால் தட்டை எடுத்தேன். சமையலறை விளக்குக்கடியில் எண்ணினேன். இருநூற்று ஐம்பது சொச்சம். அவற்றில் பெரும்பாலானவை கொழுத்தவை. மீதிக் கொஞ்சம் எலிப் புழுக்கை மாதிரி சின்னச் சின்னதாக, காய்ந்து, முனை கூராக, இரண்டு மூன்று ரோமத்தில் கோத்தது போல் ஒட்டிக்கொண்டிருந்தன. எது யாருடையது என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. ரொட்டி மாவு நிறுக்கிற தராசில் கிண்ணத்தை வைத்து மினிஸ்ட்ரோவைத் தூக்கிப் போட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம். இப்போது ஐந்நூற்று அறுபது. தப்பித்து ஓடப்பார்க்கிற பிராணி கிண்ணத்துக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அம்மா கம்பளிச் சால்வையோடு வாசற்படியில் நின்றாள். “என்னாச்சு?”

“லா செரேனாவுக்குப் போகணும். டாக்டர் சனிக்கிழமை மதியம் வரைதான்.”

“நானும் வரேன்.”

“உன் கால்—”

“காலை நீ தூக்கவா போற? வரேன்னா வரேன்.”

ஷேர் டாக்சியின் கூரைப் பலகையில் வழித்தட எண் எரியாமல் நான் அந்த ரோட்டில் போனது அன்றைக்குத்தான். அம்மா பின்சீட்டில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்து, தன் சால்வையைக் கழற்றி அதன்மேல் போர்த்தியிருந்தாள். ஒன்றேகால் மணி நேரம். வண்டியில் ஏறினால் வழியில் தெரிகிற தோட்டத்துக்கெல்லாம் சொந்தக்காரன் யார், யாருக்கு யாரோடு சண்டை என்று சொல்லிக்கொண்டே வருகிறவள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் இவானியாவுக்கு வயது முப்பது இருக்கும். சட்டை முழுக்க ஏதோ பூனையின் முடி. மினிஸ்ட்ரோவைத் துண்டில் சுருட்டி, வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைப் பார்த்தாள். பல்லில் கோளாறு இல்லை. வயிற்றை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினாள். காதில் குழாயை மாட்டி நெடுநேரம் கேட்டாள்.

“ரொம்ப அமைதியா இருக்கு” என்றாள். “இந்த வயித்துக்குள்ள எந்நேரமும் கடமுடன்னு சத்தம் கேக்கணும். காத்து சேந்திருக்கு. படம் எடுத்துப் பாக்கலாம். எத்தனை நாளா புழுக்கை குறைஞ்சிருக்கு?”

“தெரியல டாக்டர். மூணு நாளா எண்ணல” என்றேன்.

அம்மா சட்டென்று திரும்பினாள். “எண்ணலையா? மாப்ளகிட்ட தெனம் நானூறு நானூறுன்னு சொன்னியேடி?”

“நீ கூட்டிப்போட்டா நான் எதை எண்ணுவேன்?”

“அதுக்காகப் பொய் சொல்லுவியா? நான் அப்படியா உன்ன வளத்தேன்?”

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “சண்டைய அப்புறம் வச்சுக்கலாம். இது என்ன சாப்பிட்டுச்சுன்னு எனக்குத் தெரியணும். புல்லும் தீவனமும் தவிர வேற ஏதாவது?”

“இல்லை” என்றேன். “எதுவும் குடுக்கறதில்ல.”

அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“குடுத்தேன்” என்றாள். “நான்தான்.”

“என்னம்மா குடுத்தீங்க?”

“உலர்ந்த திராட்சை. எங்க வீட்டுக் கொடியில காச்சது, நல்ல திராட்சைதான். ரொட்டி கொஞ்சம். அப்புறம் மழை அன்னிக்குப் பூசணி அப்பம்.”

“வெல்லப்பாகோடயா?”

“பாகில்லாம அது என்ன அப்பம்?”

“எத்தனை திராட்சை இருக்கும்?”

“எண்ணலையே டாக்டர்.” அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. “முன்னங்கால் ரெண்டையும் கம்பியில வச்சு எந்திரிச்சு நின்னுச்சு. எங்கிட்ட கேட்டுச்சு. அந்தப் பயந்தாங்கொள்ளி கிட்டவே வரல. இதுதான் வந்து வந்து கேட்டுச்சு. கேக்குறப்ப எப்படிக் குடுக்காம இருக்கறது?”

டாக்டர் கோபிக்கவில்லை. நாற்காலியை இழுத்து அம்மாவை உட்காரச் சொன்னாள். “அம்மா, நீங்க எந்த ஊர்?”

“கொம்பர்பலா. அதுக்கும் மேல.”

“அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அந்த மலையில என்ன முளைக்குது?”

அம்மா யோசித்தாள். “முள்ளு. கள்ளி. மழை பேஞ்ச வருஷம் கொஞ்சம் புல்லு, அதுவும் பத்து நாள்ல காஞ்சிடும்.”

“இதோட ஜாதியே அங்க பிறந்ததுதான். காஞ்ச புல்லையும் மரப்பட்டையையும் நாள் முழுக்க அரைக்கறதுக்குன்னு வந்த வயிறு. இனிப்பு போனா உள்ள புளிச்சுக் காத்தாகிடும். இதுங்களுக்கு ஏப்பமும் வராது, வாந்தியும் வராது. அந்தக் காத்து எங்க போகும்?”

அம்மா துண்டுக்குள்ளிருந்து தெரிந்த சாம்பல் மூஞ்சியையே பார்த்தாள். “என் ஆடுங்களுக்கு நான் ஈரத்தீவனம் ஒரு கை கூடக் குடுக்க மாட்டேன். வயிறு ஊதிக்கும்னு” என்றாள் மெதுவாக. “இது பொம்மை மாதிரி இருந்துச்சா. இதுவும் ஆடுதான்னு எனக்குத் தோணல.”

படம் எடுத்தார்கள். அடைப்பு இல்லை, காற்றுதான். வலிக்கு ஓர் ஊசியும், தோலுக்கடியில் கொஞ்சம் நீரும் ஏற்றினார்கள். பொட்டலம் பொட்டலமாகப் புல் மாவு கொடுத்தாள் டாக்டர். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில், வாயின் பக்கவாட்டில் துளித்துளியாக, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. அவசரப்பட்டால் மூச்சுக்குழாயில் போய்விடும். வயிற்றைத் தடவிவிட வேண்டும். கொஞ்சம் நடக்கவும் விட வேண்டும். “தானா புல்லைக் கடிக்கற வரைக்கும், தட்டுல புழுக்கை விழற வரைக்கும். நாளைக்குள்ள விழலன்னா எனக்குப் போன் பண்ணுங்க. செக்ரெத்தாரியோவை வேற பெட்டியில வையுங்க, அப்பதான் எது யாரோடதுன்னு தெரியும்.”

வீடு வந்து சேர்ந்தோம். அடுத்தது சாயங்காலப் போன். நான் மேசைமேல் கையைக் கட்டிக்கொண்டு அதற்காக உட்கார்ந்திருந்தேன். எதிரே அம்மா, ஜபமாலையைப் போல் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு.

“எவ்ளோ?” என்றான்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தட்டு, திராட்சை, ஐம்பத்திரண்டு கிராம், காற்று, ஊசி, மூன்று நானூறு. அந்தப் பக்கம் முகாம் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுகள் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. போய்விட்டது, மறுபடியும் ஆறு வரிதான் என்று நினைத்தேன்.

“எனக்குத் தெரியும்” என்றான்.

“என்ன தெரியும்?”

“எண்ணலன்னு. நீ எப்பவும் பதிமூணு, இருபத்தேழு, அது உருண்டு போச்சு இது உருண்டு போச்சுன்னு சொல்லுவ. மூணு நாளும் முழுசா நானூறு. சின்சில்லா என்ன பாங்க்கிலயா வேலை பாக்குது?”

“அப்ப ஏன் கேக்கல?”

“கேட்டா கோவிச்சுக்கிட்டு வச்சுடுவியோன்னு. நாள் பூரா நான் இந்தப் போனுக்காகத்தான் அந்த லாரிய ஓட்டுறேன், கருப்பி.”

நான் எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பது போல நின்றுகொண்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

“நானும் அதுக்குத்தான் நானூறுன்னு சொன்னேன், மடையா” என்றேன்.

“சரி. அத்தைகிட்ட குடு.”

அம்மா போனை இரண்டு கையாலும் வாங்கினாள். “மாப்ள, நான் வேணும்னு—”

“அத்தை, ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால் குடுத்திருக்கீங்கல்ல?” அவன் குரல் எனக்கே கேட்டது.

“எத்தனையோ. தாய் செத்த குட்டியெல்லாம் என் மடியிலதான் வளந்துச்சு.”

“அப்ப சிரிஞ்சு உங்க கையில இருக்கட்டும். யாஸ்னாவுக்குப் பொறுமை பத்தாது. சிக்னல்ல நிக்கறப்பவே ஆரன் அடிக்கறவ.”

அம்மா போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “புல் மாவக் கரைச்சு எடுத்துட்டு வாடி. கட்டி தட்டாம” என்று அதட்டினாள். அந்த வீட்டில் அவள் வந்ததிலிருந்து அப்போதுதான் அவளுக்குச் சரியான வேலை கிடைத்தது.

அவள் கொடுத்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். துண்டில் சுருட்டி, இடது கைக்குள் அடக்கி, தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சிரிஞ்சு முனையை உதட்டோரம் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அழுத்தவில்லை. மினிஸ்ட்ரோ தலையை உதறியது. “உதறு, உதறு. எனக்கொண்ணும் அவசரமில்ல” என்றாள். ஒரு துளி. அது நாக்கை நீட்டி நக்கும்வரை பொறுத்தாள். இன்னொரு துளி. நான் கொடுத்திருந்தால் பாதி சுவரில் இருந்திருக்கும். கொடுத்து முடிந்ததும் கட்டைவிரலால் அடிவயிற்றை வட்டமாகத் தேய்த்துவிட்டாள், அதற்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு. முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டேன். “எந்த முழங்கால்?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கூட்டம் உண்டு என்பதால் மதியம் வரை நான் வண்டி எடுத்தேன். பின்சீட்டில் மூன்று பேர், நடுவில் ஒரு முட்டைக்கோஸ் மூட்டை. முன்சீட்டில் தொப்பி வைத்த ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார். பாலத்தைத் தாண்டும்போது போன் அடித்தது. வண்டி ஓட்டுவதால் ஒலிபெருக்கியில் போட்டேன்.

“யாஸ்னா! போட்டுட்டான்!” அம்மாவின் குரல் வண்டி முழுக்க அதிர்ந்தது. “போட்டுட்டான்டி! மூணு!”

“எப்படிம்மா இருக்கு?”

“ரெண்டு சின்னது. ஒண்ணு அம்சமா இருக்கு. இரு, இரு… இதோ நாலாவது!”

நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். பின்னால் இருந்த பெண் முன்னால் குனிந்து, “புள்ளையா? எத்தனை நாளா மலச்சிக்கல்?” என்று பரிவோடு கேட்டாள்.

“இல்லக்கா. மினிஸ்ட்ரோ.”

வாத்தியார் தொப்பியைக் கழற்றினார். “எந்தத் துறை?” என்றார்.

வண்டியில் இருந்த எல்லாரும் சிரித்த சிரிப்பில் முட்டைக்கோஸ் மூட்டை சரிந்து விழுந்தது. விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் கைதட்டினாள், மற்றவர்களும் தட்டினார்கள். இறங்கும்போது வாத்தியார், “அமைச்சருக்கு என் வாழ்த்தைச் சொல்லும்மா” என்றார். போய்ச் சொன்னேன்.

திங்கட்கிழமை மினிஸ்ட்ரோவின் பெட்டியில் மட்டும் தொண்ணூற்றாறு. புல்லையும் தானாகவே இழுத்தது. முதலில் ஒரு இழை, சந்தேகத்தோடு. பிறகு இரண்டு முன்னங்கைகளிலும் பிடித்துக்கொண்டு, மரம் அறுக்கிற இயந்திரத்தில் கட்டையைக் கொடுப்பது போல வரிசையாக உள்ளே தள்ளிற்று. கறுக் கறுக்கென்று அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா விரலை உதட்டில் வைத்து என்னை அசையாமல் நிற்கச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை எடை ஐந்நூற்று எழுபத்தெட்டு.

அன்று மத்தியானம் நிபால்தோ பையோடு வந்து இறங்கினான். அம்மா மாவுக் கையோடு அடுக்களைவிட்டு வெளியே வராமல் நின்றாள். அவன் அவளிடம் போய், கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டு, “எப்படிப் பிடிக்கறீங்கன்னு காட்டுங்க அத்தை. எனக்கு எப்பவும் துள்ளி ஓடிடுது” என்றான்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து காட்டினாள். அவன் கற்றுக்கொண்டான், சரியாக வரவில்லை. அவள் அவன் முழங்கையைத் தட்டித் திருத்தினாள். “குழந்தையத் தூக்குற மாதிரி தூக்காத மாப்ள. ரொட்டிய இடுக்கிட்டுப் போற மாதிரி பிடி.” பிறகு மூன்று பேரும் சாப்பிட்டோம். கோழிக் குழம்பில் அம்மா அவனுக்கு இரண்டாவது முறை ஊற்றியபோது தடுக்கவில்லை. நரிக் கதையை அவளுக்கும் முதலிலிருந்து சொன்னான். நேருக்கு நேர் உட்கார்ந்து அவன் அவ்வளவு நீளமாகப் பேசியதை நானும் வேடிக்கை பார்த்தேன்.

அம்மாவின் பயிற்சி வியாழனோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை அவளைக் கொம்பர்பலாவுக்கு மேலே கொண்டுபோய் விட்டோம். ஆடுகளைக்கூடப் பார்க்காமல் அவள் நேராகக் கொட்டகைக்குப் போய், கூரைக்கடியில் கட்டியிருந்த மலைப்புல் கட்டு ஒன்றை இறக்கினாள். நிபால்தோ அதைப் பிரித்து முகர்ந்தான். கையில் எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பூஞ்சை இருக்கிறதா, தூசி பறக்கிறதா என்று ஒவ்வொரு பிடியாக உதறினான். அம்மா, பரீட்சைத் தாள் திருத்தக் கொடுத்தவள் மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“நல்ல புல் அத்தை” என்றான். “டாக்டர்கிட்டயும் ஒரு பிடி காட்டிட்டுக் குடுக்கறேன்.”

“எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்க. இதுக்குத் தடை இல்லையே?”

“இதுக்கு இல்ல.”

இரண்டு சாக்கு கட்டிக் கொடுத்தாள். பின்சீட்டு முழுக்க அதுதான். இறக்கத்தில் வளைந்து வளைந்து வந்தோம். நிபால்தோ ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, பாதி வழிவரை பேசிக்கொண்டே வந்து, அப்புறம் தூங்கிப்போனான். மறுநாள் காலையில் என் வண்டியில் ஏறியவர்களெல்லாம் உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சினார்கள். மலை வாசனை வருதே, எங்க போயிட்டு வந்தீங்க என்று கேட்டார்கள்.